ஏறும் விலையும் ஏறாத இரண்டாயிரமும்

2023 ஆகஸ்ட் 30 அன்று மைசூரு மகாராஜா கல்லூரி மைதானத்தில் கர்நாடக அரசு கிருஹலட்சுமி திட்டத்தைத் தொடங்கியது. முதலமைச்சர் சித்தராமையாவின் சொந்த ஊர் என்பதால் விழாவுக்கு மைசூருவைத் தேர்ந்ததில் வியப்பில்லை. ராகுல் காந்தி வந்திருந்தார். ரேஷன் அட்டையில் குடும்பத் தலைவி எனப் பதிவான பெண்ணின் வங்கிக் கணக்கில் மாதம் 2,000 ரூபாய். வருமான வரியோ ஜிஎஸ்டியோ கட்டும் குடும்பங்களுக்குக் கிடையாது. அன்றே பதிவு செய்திருந்த பெண்கள் ஒரு கோடியைத் தாண்டியிருந்தனர். அதே நாளில் இன்னொன்றும் நடந்தது. வீட்டு உபயோக சமையல் எரிவாயு சிலிண்டரின் விலையை ஒன்றிய அரசு 200 ரூபாய் குறைத்தது, ரக்ஷா பந்தன் பரிசு என்ற அடைமொழியுடன். டெல்லியில் 1,103 ரூபாயாக இருந்த சிலிண்டர் 903 ஆனது. ஒரு அரசு கையில் பணம் கொடுத்தது, இன்னொன்று பொருளின் விலையைக் குறைத்தது. இரண்டில் எது சிறந்த உதவி என்ற விவாதம் பல ஆண்டுகளாக நடக்கிறது. விலைவாசி ஏறும் காலத்தில் அதைவிடக் கூர்மையான கேள்வி ஒன்று உண்டு: கொடுத்த நாளில் உதவிக்கு இருந்த மதிப்பு மூன்று, ஐந்து ஆண்டுகள் கழித்தும் இருக்குமா, இருக்கச் செய்வது யார் பொறுப்பு? இதற்கு விடை தேட மைசூருவைவிடப் பொருத்தமான ஊர் இந்தியாவில் அதிகம் இல்லை.

காரணம், பணமாகக் கொடுக்கும் யோசனை நாடு முழுக்கப் பரவுவதற்கு முன் பரிசோதிக்கப்பட்ட இடங்களில் மைசூருவும் ஒன்று. கர்நாடகத்தில் ஆதார்ப் பதிவு 2010இல் மைசூரு, தும்கூர் மாவட்டங்களில்தான் முதலில் தொடங்கியது. மானியங்களை நேரடியாக மக்களின் கணக்கில் செலுத்துவது பற்றி நந்தன் நிலேகனி தலைமையிலான பணிக்குழு 2011இல் இடைக்கால அறிக்கை தந்தது. அதையொட்டி மைசூருவில் சிலிண்டர் கொண்டுவரும் ஊழியர் கைரேகைக் கருவியோடு வீட்டு வாசலுக்கு வந்தார். 2013இல் எரிவாயு மானியத்தை வங்கிக் கணக்கில் போடும் திட்டம் முதற்கட்டமாக 20 மாவட்டங்களில் வந்தபோது மைசூருவும் பட்டியலில் இருந்தது. கடையில் சந்தை விலை முழுவதையும் கொடுத்து வாங்க வேண்டும், மானியம் பின்னர் கணக்கில் வரும். அதுவரை மானிய விலையை மட்டும் கொடுத்துவந்த குடும்பம் இரு மடங்குக்கும் மேல் முன்பணம் புரட்ட வேண்டியதாயிற்று. ஆதார் இல்லை என்பதற்காக யாரும் பாதிக்கப்படக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் அந்த ஆண்டு செப்டம்பரில் இடைக்கால உத்தரவிட்டது. 2014 ஜனவரியில் திட்டம் நிறுத்தப்பட்டது. ஆட்சி மாறிய பின் ‘பஹல்’ என்ற புதிய பெயரில் நவம்பரில் திரும்பி வந்து, 2015 ஜனவரி முதல் நாடு முழுவதற்கும் விரிந்தது.

வடிவம் என்ற அளவில் ‘பஹல்’ நல்ல திட்டம் என்றே சொல்ல வேண்டும். சந்தை விலை ஏறினால் கணக்கில் விழும் மானியமும் ஏறும், இறங்கினால் இறங்கும். விலையின் அலைச்சலை அரசு தாங்கிக்கொள்ளும், குடும்பத்தின் செலவு ஏறக்குறைய ஒரே மட்டத்தில் நிற்கும். ஆனால் இந்தப் பிணைப்புக்குச் சட்டத்தின் காவல் எதுவும் இல்லை. மாதந்தோறும் நிர்வாகம் எடுக்கும் முடிவாகவே அது இருந்தது. 2016 ஜூலை முதல் மானிய விலை சிலிண்டருக்கு மாதம் 2 ரூபாய் வீதம் ஏற்றப்பட்டது, மறு ஆண்டில் அது 4 ரூபாய். 2020 மே மாதம் உலகச் சந்தை சரிந்து டெல்லி விலை 581 ரூபாய் 50 காசுக்கு இறங்கியபோது, கொடுக்க மானியம் இல்லாமல் போனது. கணக்குப்படி அது சரியே. பிறகு விலை ஏறத் தொடங்கியது. 2023 மார்ச்சில் 1,103 ரூபாய், அதாவது மூன்றே ஆண்டுகளில் ஏறக்குறைய 90 விழுக்காடு ஏற்றம். மானியம் மட்டும் திரும்பி வரவில்லை. உஜ்வலா இணைப்பு பெற்ற ஏழைக் குடும்பங்களுக்கு 2022 மே முதல் சிலிண்டருக்கு 200 ரூபாயும், 2023 அக்டோபரிலிருந்து 300 ரூபாயும் கிடைத்தன. மற்றவர்களைப் பொறுத்தவரை, விலை குறைந்த நேரத்தில் பூஜ்யத்தைத் தொட்ட மானியம் விலை ஏறிய பிறகும் பூஜ்யத்திலேயே நின்றுவிட்டது. கடையில் கொடுக்கும் விலையில் கை வைத்திருந்தால் தெருவில் கூச்சல் கிளம்பியிருக்கும். வங்கிக் கணக்கில் வராமல் போன பணம் அப்படிச் சத்தம் போடுவதில்லை. அரசியல்வாதிகள் இதை நன்றாகவே புரிந்துவைத்திருக்கிறார்கள்.

இனி கிருஹலட்சுமி. இங்கே தொகை மாறுவதே இல்லை, 2,000 என்றால் 2,000. பணவீக்கத்தை 4 விழுக்காட்டில் வைத்திருப்பது ரிசர்வ் வங்கியின் இலக்கு. அந்த இலக்கு ஒவ்வோர் ஆண்டும் பிசகாமல் நிறைவேறுகிறது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் ஐந்து ஆண்டு முடிவில் அந்த இரண்டாயிரம் வாங்கும் பொருளின் மதிப்பு இன்றைய கணக்கில் 1,650 ரூபாயைத் தொடாது. யாரும் திட்டத்தைக் குறைக்க வேண்டியதில்லை, காலமே குறைத்துவிடும். இது வெறும் ஊகமா என்று கேட்பவர்கள் இந்திரா காந்தி தேசிய முதியோர் ஓய்வூதியத்தைப் பார்க்கலாம். 2007இல் அந்தப் பெயரைப் பெற்றபோது ஒன்றிய அரசின் பங்கு மாதம் 200 ரூபாய். பிரதமர்கள் மாறினார்கள், விலைவாசி பல மடங்காயிற்று, எண்பது வயதுக்குக் கீழே உள்ள முதியவருக்கு ஒன்றிய அரசு தரும் பங்கு இன்னும் அதே 200. எந்த அரசும் ஏழை முதியவர்களின் ஓய்வூதியத்தைக் குறைத்ததாக ஏட்டில் இல்லை. மாநிலங்கள் தம் பங்கைக் கூட்டியதால்தான் அந்தத் திட்டம் பெயரளவுக்கு மேல் ஏதோ ஒன்றாகப் பிழைத்திருக்கிறது. கிருஹலட்சுமியின் கணக்கிலும் இந்தப் போக்கின் முதல் அடையாளம் தெரிகிறது. 2024-25 பட்ஜெட்டில் அதற்கு ஒதுக்கியது 28,608 கோடி ரூபாய், 2025-26இலும் அதே 28,608 கோடி. இடையில் மாநில பட்ஜெட்டின் அளவு 3.71 லட்சம் கோடியிலிருந்து 4.09 லட்சம் கோடியாக, பத்து விழுக்காட்டுக்கு மேல் வளர்ந்தது. கிருஹலட்சுமி உள்ளிட்ட ஐந்து தேர்தல் வாக்குறுதித் திட்டங்களுக்குமான மொத்த ஒதுக்கீடு ஏறக்குறைய 52,000 கோடியிலிருந்து 51,000 கோடியாக, பட்ஜெட்டில் 14 விழுக்காடு என்ற நிலையிலிருந்து பன்னிரண்டரை என்ற நிலைக்கு இறங்கியது. வாக்குறுதிகள் மாநிலத்தை விழுங்குகின்றன என்று புலம்புபவர்கள் இந்தத் திசையைக் கவனிப்பதில்லை.

மதிப்பு குறைவது மட்டுமல்ல, தவணையே விடுபடவும் செய்கிறது. 2025 பிப்ரவரி, மார்ச் மாதத் தவணைகள் போய்ச் சேரவில்லை என்பதைத் துறை அமைச்சர் லட்சுமி ஹெப்பால்கர் அந்த ஆண்டு டிசம்பரில் சட்டமன்றத்தில் ஒப்புக்கொள்ள நேர்ந்தது. குடும்பத்துக்கு 4,000 ரூபாய். அந்த இரண்டு மாதங்களுக்கு அடுத்து வந்த 2025 ஏப்ரலைப் பாருங்கள். முதல் தேதி நந்தினி பால் லிட்டருக்கு 4 ரூபாய் ஏறியது. நாளுக்கு ஒரு லிட்டர் வாங்கும் வீட்டுக்கு மாதம் 120 ரூபாய். எட்டாம் தேதி சிலிண்டர் 50 ரூபாய் ஏறியது. இந்த இரண்டு மட்டுமே சேர்ந்தால், மாதம் ஒரு சிலிண்டர் தீரும் வீட்டில் 170 ரூபாய், அதாவது இரண்டாயிரத்தில் எட்டரை விழுக்காடு. அதே முதல் தேதியில் டீசல் மீதான மாநில விற்பனை வரி 18.44 விழுக்காட்டிலிருந்து 21.17 ஆகி, லிட்டருக்கு 2 ரூபாய் ஏறியது. காய்கறி லாரியின் வாடகை வழியாக அது மைசூருவின் தேவராஜா மார்க்கெட்டுக்கு எப்போது, எவ்வளவாக வந்து சேரும் என்று எந்தக் குடும்பமும் தனியே கணக்குப் பார்க்க முடியாது. பால் விலை பற்றி ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அந்த நான்கு ரூபாயை உற்பத்தியாளருக்கே கொடுப்பதாக அரசு அறிவித்தது, மைசூரு, மாண்டியா மாவட்டங்களில் மாடு வைத்திருக்கும் குடும்பங்களுக்கு அது வருமானம். ஒரு வீட்டின் செலவு இன்னொரு வீட்டின் வரவாக இருக்கும்போது விலையை அழுத்திப் பிடிப்பது நியாயமான தீர்வாகாது. அதனால்தான் வாங்குபவர் கையில் உள்ள உதவி விலையோடு சேர்ந்து நகர வேண்டும் என்கிறேன்.

பணத்தை எண்ணிக் கொடுக்காமல் அளவை நிர்ணயித்துக் கொடுக்கும் உதவிகள் எப்படித் தாக்குப்பிடித்தன? சக்தி திட்டம் இதற்குத் தெளிவான சான்று. 2023 ஜூன் 11 முதல் கர்நாடகப் பெண்கள் மாநிலத்துக்குள் ஓடும் சாதாரண அரசுப் பேருந்துகளில் கட்டணமின்றிப் போகிறார்கள். 2025 ஜனவரி 5 அன்று பேருந்துக் கட்டணம் 15 விழுக்காடு ஏறியது. நஞ்சன்கூட்டு ஆலைக்கு மைசூருவிலிருந்து போய்வரும் பெண்ணுக்கு அந்த ஏற்றம் பூஜ்யம். பக்கத்து இருக்கை ஆணுக்கு முழுச் சுமை. அவளுக்குக் கட்டணத்துக்கு ஈடாக மாதம் இவ்வளவு என்று பணம் கொடுத்திருந்தால் அன்றே அதன் மதிப்பில் ஏறக்குறைய 13 விழுக்காடு கரைந்திருக்கும். இந்த இலவசப் பயணத்துக்காக அரசு போக்குவரத்துக் கழகத்துக்கு வைக்கும் பாக்கி வேறு கதை, அது பேருந்துகளின் எண்ணிக்கையையும் ஊழியர் சம்பளத்தையும் உண்மையில் பாதிக்கிறது. ஆனால் பாக்கியின் சுமை அரசுக்கும் கழகத்துக்கும் இடையே நிற்கிறது. பயணச்சீட்டு கேட்கும் பெண்ணிடம் “உங்கள் பிப்ரவரி மாதப் பயணம் இன்னும் வரவில்லை” என்று நடத்துநர் சொல்வதில்லை. (ஊட்டிக்கோ சத்தியமங்கலத்துக்கோ போகும் பேருந்தில் ஏறினால் கதை வேறு. மாநில எல்லை தாண்டும் வண்டிகளுக்கு இச்சலுகை இல்லை.)

கிருஹஜோதி என்ற இலவச மின்சாரத் திட்டமும் அளவில் நிர்ணயித்த உதவிதான், ஆனால் அதன் வடிவத்தில் வேறொரு கோளாறு இருக்கிறது. 200 யூனிட் இலவசம் என்பது விளம்பரம். உண்மையில், 2022-23இல் அந்த வீடு மாதம் சராசரியாக எரித்த மின்சாரம், அதோடு பத்து விழுக்காடு, அவ்வளவே இலவசம். மைசூருவைத் தலைமையிடமாகக் கொண்ட சாமுண்டேஸ்வரி மின் வழங்கல் நிறுவனம் ஐந்து மாவட்டங்களில் இந்தக் கணக்கைத்தான் போடுகிறது. 180 யூனிட் எரித்த வீட்டுக்கு 198 வரை இலவசம், ஒற்றை விளக்கும் மின்விசிறியுமாக 40 யூனிட் எரித்த வீட்டுக்குத் தொடக்கத்தில் 44. வசதிக்கு ஏற்ப உதவி கூடுகிறது, தேவைக்கு ஏற்ப அல்ல. இந்த அநீதி அரசுக்கே உறுத்தியிருக்க வேண்டும்: 2024 ஜனவரியில் 48 யூனிட்டுக்குக் கீழ் உள்ளவர்களுக்குப் பத்து விழுக்காட்டுக்குப் பதிலாகப் பத்து யூனிட் என்று திருத்தினார்கள். ஆனால் 200ஐ ஒரு யூனிட் தாண்டினாலும் முழுக் கட்டணமும் கட்ட வேண்டும் என்ற செங்குத்துப் பள்ளம் அப்படியே இருக்கிறது. உக்ரைன் போர் தொடங்கிய பின் எரிவாயு விலை எகிறியபோது ஜெர்மனி 2023இல் கையாண்ட வழியை இதோடு ஒப்பிடலாம். அங்கும் பழைய நுகர்வுதான் அடிப்படை. ஆனால் அதில் 80 விழுக்காட்டுக்கு மட்டும் யூனிட்டுக்கு 12 சென்ட் என்ற வரம்பு, மீதிக்குச் சந்தை விலை. சேமித்தவருக்கு லாபம் மிஞ்சியது, தாண்டியவர் தாண்டிய அளவுக்கு மட்டும் கொடுத்தார். அதிகமாக எரித்து வந்த பெரிய வீடுகளுக்கே அதிக உதவி போனது என்ற குறை அங்கும் இருந்தது. பழைய நுகர்வை அளவுகோலாக வைக்கும் எந்தத் திட்டமும் பழைய ஏற்றத்தாழ்வையும் சேர்த்தே சுமக்கும். தமிழ்நாட்டில் 2016 முதல் எல்லா வீட்டுக்கும் இரு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். எளிமையானது, இந்தக் கண்ணோட்டத்தில் நியாயமானதும்கூட.

பணமா, பொருளா என்பதை ஒரே திட்டத்துக்குள் இரண்டு பக்கமும் சோதித்துக் காட்டியது அன்னபாக்கியா. 2023இல் ஆளுக்குக் கூடுதலாக 5 கிலோ அரிசி தருவதாக வாக்களித்த அரசுக்கு, இந்திய உணவுக் கழகம் அரிசி விற்க மறுத்தது. கிலோவுக்கு 34 ரூபாய் என்று கணக்கிட்டு ஆளுக்கு 170 ரூபாய் பணமாகக் கொடுத்தார்கள். 34 என்பது உணவுக் கழகத்தின் விலை. மைசூருக் கடையில் சோனா மசூரி அந்த விலைக்கு வராது. அரிசிக்கு ஈடு என்று சொல்லிக் கொடுத்த பணம் முதல் நாளிலேயே அரிசிக்கு ஈடாகவில்லை, கடை விலை ஏறியபோது இடைவெளி இன்னும் அகன்றது, 170 நகரவில்லை. ஒன்றிய அரசு கிலோ 22 ரூபாய் 50 காசுக்கு அரிசி தர முன்வந்த பிறகு, 2025 பிப்ரவரியில் மீண்டும் அரிசிக்கே திரும்பினார்கள். பொருளின் பக்கம் எல்லாம் சரியா என்றால் அதுவும் இல்லை. தேவைக்கு மிஞ்சிய அரிசி கள்ளச் சந்தைக்குப் போகிறது என்ற புகார் வலுத்து, 2025 அக்டோபரில் கூடுதல் அரிசிக்குப் பதிலாகத் துவரம்பருப்பு, எண்ணெய், சர்க்கரை, உப்பு அடங்கிய பொட்டலம் கொடுக்க அமைச்சரவை முடிவெடுத்தது. அரிசியைப் பணமாக்கிக்கொள்ள முயலும் குடும்பத்தைக் குற்றம் சொல்வதில் எனக்கு ஒப்புதல் இல்லை. பருப்பு விலை அரிசி விலையைப் போலவா இருக்கிறது? அந்த வீட்டுக்கு எது குறைகிறதோ அதைத்தான் அது வாங்கப் பார்க்கிறது. அரசும் ஒருவழியாக அந்தத் திசையில் வந்து சேர்ந்திருக்கிறது.

இங்கேதான் பணத்துக்கு ஆதரவானவர்களின் வலுவான வாதம் வருகிறது. எது தேவை என்பது வீட்டுக்கு வீடு மாறும், பெங்களூருவில் உட்கார்ந்து பருப்பா எண்ணெயா என்று முடிவெடுப்பதைவிடப் பணத்தைக் கொடுத்துவிடுவதே மரியாதை. வீட்டிலிருந்தபடி அகர்பத்தி உருட்டியும் பீடி சுற்றியும் கூலி பெறும் பெண்ணுக்குத் தன் பெயரில் வரும் இரண்டாயிரம், ரேஷன் கடையில் கிடைக்கும் எந்தப் பொருளும் தராத ஒரு நிலையைத் தருகிறது. மருந்து, பள்ளிக் கட்டணம், கடன் தவணை எதையும் அரிசியால் அடைக்க முடியாது. இந்த வாதத்தை மறுப்பதற்கில்லை. பணத்தை நிறுத்திப் பொருளுக்குப் போகச் சொல்வதும் இக்கட்டுரையின் நோக்கமல்ல. பணம் தரும் சுதந்திரம் அதன் வாங்கும் சக்தி இருக்கும்வரைதான். அந்தச் சக்திக்கு உத்தரவாதம் இல்லாதபோது, விலை ஏறும் அபாயம் முழுவதும் அதைத் தாங்கச் சற்றும் வலுவில்லாத தோளுக்கு மாற்றப்படுகிறது. தமிழ்நாட்டின் கலைஞர் மகளிர் உரிமைத் தொகைக்கும் இது பொருந்தும். கிருஹலட்சுமிக்குப் பதினாறு நாள் கழித்து, 2023 செப்டம்பர் 15 அன்று காஞ்சிபுரத்தில் தொடங்கிய அத்திட்டம் மாதம் 1,000 ரூபாய் என்று வந்தது. விலை ஏறினால் தொகை தானாக ஏற அங்கும் வழி செய்யப்படவில்லை.

அடுத்த எதிர்ப்பு, பணத்துக்கு எங்கே போவது என்பது. நியாயமான கேள்வி, ஆனால் அரசின் வருமானம் எப்படி வளர்கிறது என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும். பெட்ரோல் மீதான ஒன்றிய அரசின் கலால் வரி லிட்டருக்கு இத்தனை ரூபாய் என்ற கணக்கு. கர்நாடகத்தின் விற்பனை வரியோ விழுக்காட்டுக் கணக்கு. 2024 ஜூன் 15 அன்று பெட்ரோலுக்கு 25.92இலிருந்து 29.84 ஆகவும், டீசலுக்கு 14 விழுக்காட்டுச் சொச்சத்திலிருந்து 18.44 ஆகவும் உயர்த்தப்பட்டது. விழுக்காட்டு வரியின் இயல்பு என்ன? எண்ணெய் விலை ஏறினால், சட்டத்தில் ஒரு எழுத்தும் மாறாமல் அரசின் வரவு ஏறும். ஜிஎஸ்டியும் அப்படியே. ஆக, விலைவாசியோடு சேர்ந்து ஏறும்படி அரசின் கருவூலம் ஏற்கெனவே கட்டப்பட்டிருக்கிறது. அரசு ஊழியர்களின் அகவிலைப்படியும் விலைக் குறியீட்டோடு ஆண்டுக்கு இருமுறை நகர்கிறது. அதற்கு மேல், ஏழாவது ஊதியக் குழுவின் பரிந்துரையை 2024 ஆகஸ்டிலிருந்து நடைமுறைப்படுத்தியதில் மாநிலத்துக்கு ஆண்டுக்கு ஏறக்குறைய 20,000 கோடி கூடுதல் செலவு. ஊழியர்களுக்கு அது கிடைக்கக் கூடாது என்பதல்ல என் கட்சி. விலைவாசி என்பது உழைப்பவரின் வாழ்க்கையை அரிக்கும் என்பதை அரசு முழுமையாகப் புரிந்துவைத்திருக்கிறது என்பதற்கு அது சான்று. கிருஹலட்சுமியை 4 விழுக்காடு உயர்த்த எவ்வளவு ஆகும்? குடும்பத்துக்கு மாதம் 80 ரூபாய். 28,608 கோடியில் 4 விழுக்காடு 1,144 கோடி. ஆண்டுதோறும் கூடிக்கொண்டே போகும் செலவுதான், மறைக்க வேண்டியதில்லை. ஆனால் பட்ஜெட் ஆண்டுக்குப் பத்து விழுக்காடு வளரும் மாநிலத்தில், 4 விழுக்காடு வளரும் செலவினம் பட்ஜெட்டில் தன் பங்கைச் சுருக்கிக்கொண்டே போகும்.

வரியையே குறைத்துவிட்டால் இத்தனை திட்டங்கள் எதற்கு என்று கேட்பவர்களும் உண்டு. பெட்ரோலைப் பொறுத்தவரை, வரிக் குறைப்பின் பலன் எரிக்கும் லிட்டர் கணக்கில் போகும். ஸ்கூட்டரில் வேலைக்குப் போகும் கீழ் நடுத்தர வர்க்கத்துக்குக் கொஞ்சம், கார் வைத்திருப்பவருக்கு நிறைய, பேருந்தில் போகும் வீட்டுக்கு நேரடியாக ஒன்றுமில்லை. டீசல் அப்படியல்ல, அது எல்லாப் பொருளின் மீதும் ஏறி வருகிறது. கர்நாடகம் பத்து மாதத்துக்குள் இருமுறை ஏற்றியது டீசல் வரியைத்தான் என்பதில் எனக்கு வருத்தம் உண்டு. இடது கையால் கொடுத்ததை வலது கையால் எடுப்பதாக எதிர்க்கட்சிகள் சொன்னதில் மிகை இருந்தாலும், டீசல் அளவில் அது பொய்யில்லை. வருவாய் தேவைப்பட்டால் பெட்ரோலில் தேடியிருக்கலாம்.

இப்படித் தொகையை விலைக் குறியீட்டோடு பிணைத்தால் அதுவே பணவீக்கத்தைத் தூண்டாதா என்ற ஐயத்துக்கு நீண்ட விடை தேவையில்லை. கரைந்ததை ஈடு செய்வதுதான் இங்கே நடக்கிறது. உண்மை மதிப்பில் புதிதாக ஒரு ரூபாயும் சந்தைக்கு வருவதில்லை. நடைமுறைச் சிக்கலும் பெரிதல்ல. கர்நாடகத் தொழிலாளர் துறை குறைந்தபட்சக் கூலியின் மாறும் அகவிலைப்படியை நுகர்வோர் விலைக் குறியீட்டைப் பார்த்து ஒவ்வோர் ஏப்ரல் முதல் தேதியும் திருத்துகிறது. அதே கணக்கு, அதே தேதி, அதே கையொப்பம் கிருஹலட்சுமிக்கும் போதும். அரசாணையில் நிற்கும் திட்டத்தைச் சட்டமாக்கி, விடுபட்ட தவணை குடும்பத்துக்கு அரசு வைத்திருக்கும் கடன் என்று அதில் எழுத வேண்டும். இல்லாவிட்டால் பிப்ரவரியும் மார்ச்சும் அமைச்சர் ஒப்புக்கொள்ளும்வரை யாருக்கும் தெரியாத மாதங்களாகவே இருக்கும். கிருஹஜோதியில் 2022-23 என்ற உறைந்த ஆண்டை விட்டுவிட்டு எல்லோருக்கும் பொதுவான முதல் சில யூனிட்டுகளை இலவசமாக்கி, 200இல் உள்ள பள்ளத்தைப் படிகளாக்கலாம். எரிவாயுவில் உஜ்வலாவின் 300 ரூபாய் 2025-26இல் ஆண்டுக்கு ஒன்பது சிலிண்டருக்குத்தான். முந்தைய வரம்பு பன்னிரண்டு. மூன்று சிலிண்டர் குறைந்தது செய்தித்தாள்களில் ஓரிரு வரியாக வந்து போனது. விலை இவ்வளவுக்கு மேல் போனால் மானியம் தானாக இவ்வளவு ஏறும் என்ற சூத்திரத்தை, 2015இல் ‘பஹல்’ செய்துகாட்டியதைப் போல ஆனால் சட்டக் காவலுடன், மறுபடி எழுதுவதற்குத் தேவையான தரவுகளும் வங்கிக் கணக்குகளும் எண்ணெய் நிறுவனங்களிடம் பத்தாண்டுகளுக்கும் மேலாக இருக்கின்றன.